கூடப் போன வாத்தியார்

1998ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதம். கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரி வாசலில் நாங்கள் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம். கையில் கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்ட கடிதம். இறுதியாண்டு மாணவர்களான எங்களைத் தங்கள் நிறுவனத்தில் ப்ராஜெக்ட் செய்ய அனுமதிக்க வேண்டும் என்று அதில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. மற்றதெல்லாம் லெட்டர்ஹெட்.

வாட்ச்மேன் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு மேனேஜர் வந்து எங்களை ஸ்டோர்ஸ் ரூமில் உட்கார வைத்தார். அந்த அறையில்தான் பத்து நாட்கள் இருந்தோம். பீரோவில் போன வருஷத்துப் பையன்கள் விட்டுப்போன ரிப்போர்ட் ஒன்று கிடந்தது. அதற்கு முந்தைய வருஷத்துப் பையன்களின் ரிப்போர்ட்டைப் பார்த்து அவர்கள் அதை எழுதியிருந்தார்கள். நாங்கள் அதைப் பார்த்து எழுதினோம். கம்பெனி சர்டிஃபிகேட் கொடுத்தது, கல்லூரி மார்க் கொடுத்தது, வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் டீ குடித்தார். யாருக்கும் யார் மேலும் வருத்தம் இல்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்தலாகவே தங்கிவிட்டது. ஒன்பதாம் நாள் மத்தியானம் மோல்டிங் பகுதி ஃபோர்மேன் ஸ்டோர்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையெல்லாம் கருமண். "ஏனுங் தம்பி, நீங்கெல்லாம் இஞ்சினீயருக்குப் படிக்கறவீங்கதானே? திங்கக்கெழம ஊத்தற வார்ப்புல மட்டும் இத்தன ப்ளோஹோல் வருதே, அது ஏன்னு பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "பாக்கறோம்ங்க" என்றோம். அடுத்த நாள் சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

ப்ளோஹோல் என்பது வார்ப்புக்குள் வாயு மாட்டிக்கொண்டு உண்டாக்கும் ஓட்டை. அது ஏன் திங்கட்கிழமை மட்டும் அதிகம் வரவேண்டும்? அசலான ஒரு பொறியியல் கேள்வி அது. எங்கள் நான்கு வருஷப் படிப்பில் யாரோ ஒருவர் உண்மையிலேயே விடை தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு எங்களிடம் கேட்ட ஒரே கேள்வியும் அதுதான். அதை எப்படித் தொடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எங்கள் கைடு அந்தப் பவுண்டரிக்கு ஒருநாள்கூட வரவில்லை. அவர் மேல் குற்றமும் இல்லை. அவரை அங்கே போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

பிறகு நானும் வாத்தியாரானேன். வருஷா வருஷம் அதே கடிதத்தை மாணவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அப்போதுதான் இந்த ஏற்பாடு எங்கே ஆரம்பித்தது, ஆரம்பித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று தேடிப் படிக்கத் தோன்றியது. படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

*

கதை அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் தொடங்குகிறது. ஹெர்மன் ஷ்னைடர் 1872இல் சம்மிட் ஹில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். கட்டடக் கலைஞர் ஒருவரிடம் வேலை பார்த்துக்கொண்டே லீஹை பல்கலைக்கழகத்தில் படித்து 1894இல் பட்டம் வாங்கினார். சில ஆண்டுகள் வெளியே வேலை செய்துவிட்டு அதே பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகத் திரும்பினார்.

லீஹை இருப்பது பெத்லஹேம் ஊரில், பெரிய எஃகு ஆலையை ஒட்டிய மலைச்சரிவில். ஒரு மாலை ஷ்னைடர் வளாகத்தில் நடந்துகொண்டிருந்தபோது கீழே ஆலையின் பெஸ்ஸமர் உலை நெருப்பைக் கக்கி வானத்தை வெளிச்சமாக்கியது என்றும், அந்த வெளிச்சத்தில்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்றும் சொல்வார்கள். ஊகத்துக்கு நிறைய இடமுள்ள கதைதான். ஆனால் அவருக்குள் இருந்த கேள்வி நிஜம். எந்தக் கல்லூரியும் விலை கொடுத்து வாங்க முடியாத ஆய்வுக்கூடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அப்படியிருக்க, அதில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு பொம்மை உலையை இந்தப் பக்கம் கட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எதற்கு?

இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். படிக்கும்போதே வெளியே வேலை பார்த்த மாணவர்கள்தான் பட்டம் வாங்கிய பிறகு தொழிலில் நன்றாக வந்தார்கள். அவரே அப்படி வந்தவர்.

1903இல் அவர் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அது நகராட்சிப் பல்கலைக்கழகம். ஊர்க்காரர்களின் வரிப்பணத்தில் நடந்தது. அந்த ஊரோ லேத், மில்லிங் மெஷின் என்று இயந்திரம் செய்யும் இயந்திரங்களுக்குப் பேர்போனது. ஷ்னைடர் முதலாளி முதலாளியாகப் போய்ப் பேசினார். மில்லிங் மெஷின் செய்துவந்த ஃப்ரெடரிக் கையர் போன்ற சிலர் சம்மதித்தார்கள். கடைசியில் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவும் ஒத்துக்கொண்டது. அது ஒத்துக்கொண்ட விதம் வேடிக்கை. ஒரு வருஷம் சோதித்துப் பார்க்கலாம், தோற்றுப்போனால் எங்களைச் சேர்ந்தது இல்லை என்ற தோரணையில் தீர்மானம் போட்டுக் கொடுத்தார்கள். நம்மூர் ஆபீஸ்களில் ஃபைலில் எழுதும் 'தங்கள் பொறுப்பில் செய்துகொள்ளவும்' மாதிரிதான்.

1906 செப்டம்பரில் 27 மாணவர்களோடு அது தொடங்கியது. மாணவர்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். ஒருவன் ஒரு வாரம் வகுப்பில் இருந்தால் மற்றவன் அந்த வாரம் தொழிற்சாலையில். அடுத்த வாரம் இடம் மாறும். தொழிற்சாலையில் அந்த இடம் எப்போதும் காலியாக இருக்காது. வகுப்பில் இருந்தவன் சனிக்கிழமையே பட்டறைக்குப் போய், ஜோடிக்காரன் என்ன வேலையில் இருக்கிறான், எதுவரை முடித்திருக்கிறான் என்று பார்த்துக்கொள்வான். திங்கட்கிழமை காலையில் அதே மெஷினில் அதே வேலையை இவன் தொடர்வான். கம்பெனி கூலி கொடுத்தது. அது உதவித்தொகை இல்லை, செய்த வேலைக்கான சம்பளம். படிப்பு முடிய ஆறு ஆண்டுகள்.

இந்த அளவுக்குப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கோ-ஆப் என்ற பெயரில் இன்று உலகம் முழுவதும் நடக்கும் முறைக்கு ஆரம்பம் இது. பிரிட்டனில் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி 1903இலேயே 'சாண்ட்விச்' படிப்பை ஆரம்பித்துவிட்டது என்பதால் யார் முதல் என்று ஒரு சின்னத் தகராறு உண்டு. அது நமக்கு வேண்டாம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. ஷ்னைடர் ஒரு புதிய உத்தியோகத்தையே உண்டாக்கினார். அதற்குக் கோஆர்டினேட்டர் என்று பெயர். அந்த ஆள் பல்கலைக்கழக ஆசிரியர். பட்டறை வேலையும் தெரிந்தவர். காலையில் கல்லூரியில் இருப்பார். மத்தியானம் தொழிற்சாலை தொழிற்சாலையாகச் சுற்றுவார். எந்தப் பையன் எந்த மெஷினில் நிற்கிறான், என்ன செய்கிறான் என்று நேரில் பார்ப்பார். அடுத்த வாரம் அதே பையன்கள் வகுப்புக்கு வரும்போது, 'நீ போன வாரம் கடைந்தாயே, அந்த உலோகத்தை ஏன் அந்த வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள்? அந்தக் கியர் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது?' என்று கேட்பார். பட்டறையில் கையால் செய்ததற்கு வகுப்பில் காரணம் தேடவைப்பதுதான் அவர் வேலை.

அந்த ஆள் இல்லாவிட்டால் மிஞ்சுவது பாதி நேரம் கூலிவேலை பார்க்கும் மாணவன்தான். இரண்டு இடத்துக்கும் நடந்துபோன அந்த வாத்தியார்தான் இரண்டையும் ஒரே படிப்பாக்கினார். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி இதைச் சம்பளப் பட்டியலில் ஒரு பதவியாகவே எழுதி வைத்தது என்பதைப் படித்தபோது, எனக்குத் திங்கட்கிழமை ஃபோர்மேன் முகம் ஞாபகம் வந்தது.

*

ஷ்னைடர் மாணவனைக் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், கம்பெனியைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர் ராபர்ட் கென்னடி டங்கன். கனடாவில் பிறந்த வேதியியலாளர். ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகங்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்து வியந்தவர். 1907இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் 'தொழில் ஃபெல்லோஷிப்' என்ற ஏற்பாட்டை ஆரம்பித்தார். ஒரு தொழில்காரர் தன் பிரச்சினையையும் அதற்கான பணத்தையும் கொடுப்பார். இளம் ஆய்வாளர் ஒருவர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி அந்த ஒரு பிரச்சினையிலேயே மூழ்குவார்.

முதலில் வந்த பிரச்சினை எது தெரியுமா? சலவை. துணி வெளுக்கும்போது என்ன வேதியியல் நடக்கிறது, துணி ஏன் நைந்துபோகிறது என்பது. அப்புறம் ரொட்டி வந்தது. பெரிய விஞ்ஞானம் என்று யாரும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள முடியாத கேள்விகள். ஆனால் வண்ணானும் ரொட்டிக்கடைக்காரரும் தங்கள் சந்தேகத்தைப் பல்கலைக்கழகத்தில் கேட்கலாம் என்று ஆனது பெரிய விஷயம்தான். இந்த முயற்சி 1913இல் பிட்ஸ்பர்க்கில் மெல்லன் சகோதரர்களின் பணத்தில் மெல்லன் இன்ஸ்டிட்யூட்டாக வளர்ந்தது. அடுத்த வருஷமே டங்கன் இறந்துபோனார்.

டங்கனின் ஒப்பந்தங்களில்தான் இன்றுவரை தீராத சிக்கல் ஒன்று முதலில் தலைகாட்டுகிறது. கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம்? பணம் கொடுத்தவருக்கு என்றால், மாணவன் அதை எழுதி வெளியிடலாமா? உடனே வெளியிட்டால் போட்டிக்காரன் படித்துவிடுவான். வெளியிடவே கூடாது என்றால் அது பல்கலைக்கழகமாக இருக்காது. டங்கன் நடுவில் ஒரு கோடு போட்டார்: கண்டுபிடிப்பு கம்பெனிக்கு, குறிப்பிட்ட காலம் கழித்து அறிவு உலகத்துக்கு. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று இன்றும் வக்கீல்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

*

இந்த இரண்டு யோசனைகளும் சந்தித்த இடம் எம்.ஐ.டி. குரோம்பேட்டையில் இருப்பது இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது. இங்கே இரண்டு பேர். ஒருவர் வில்லியம் வாக்கர், வேதிப் பொறியியல் பேராசிரியர். இன்னொருவர் ஆர்தர் டி. லிட்டில், ஆலோசனை நிறுவனம் நடத்தியவர். பன்றிக்காதில் பட்டுப்பை தைக்க முடியாது என்பது ஆங்கிலத்தில் ஒரு பழமொழி. அதைப் பொய்யாக்குவதற்காகவே லிட்டிலின் நிறுவனம் 1921இல் பன்றிக்காதுகளை வாங்கிக் கூழாக்கி, இழையாக்கி, பட்டுப்பை மாதிரியே ஒன்று நெய்து காட்டியது. அப்பேர்ப்பட்ட ஆள்.

எந்த ரசாயனத் தொழிற்சாலையை எடுத்தாலும் அதில் நடப்பது சில அடிப்படைச் செயல்கள்தான்: அரைப்பது, கலப்பது, வடிகட்டுவது, உலர்த்துவது, காய்ச்சி வடிப்பது. சர்க்கரை ஆலையானாலும் காகித ஆலையானாலும் இவைதான் வேறு வேறு வரிசையில் வருகின்றன. இதை 'யூனிட் ஆபரேஷன்' என்று பெயரிட்டு 1915இல் எழுதியவர் லிட்டில். அப்படியானால் இந்தச் செயல்களை மாணவன் எங்கே பார்த்துக் கற்பது? தொழிற்சாலையில்தான். கோடாக் கேமரா அதிபர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 3 லட்சம் டாலர் கொடுத்தார். 1916இல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' தொடங்கியது. மெய்ன் மாநிலத்தின் பாங்கர் ஊரில் ஒரு காகித ஆலை, வேறொரு ஊரில் சிமென்ட் ஆலை என்று ஐந்து தொழிற்சாலைகளுக்குள் எம்.ஐ.டி. தன் வகுப்பறைகளைத் திறந்தது.

சின்சினாட்டிக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். அங்கே மாணவன் உற்பத்தி வேலை செய்யும் கூலியாள். இங்கே அவனுக்கு உற்பத்தியில் இடமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையை நிறுத்தாமல் அதிலேயே சோதனை செய்து பார்ப்பது அவன் வேலை. இந்த பாய்லருக்குள் போகும் வெப்பத்தில் எவ்வளவு வீணாகிறது, இந்த உலர்த்தி ஏன் இவ்வளவு நீராவி தின்கிறது என்று அளந்து கணக்குப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். கம்பெனிக்கு அந்த அறிக்கையால் லாபம். மாணவனுக்கு அதுதான் பாடம்.

ஆனால் ஒன்றில் இரண்டும் ஒத்துப்போயின. ஒவ்வொரு ஆலையிலும் எம்.ஐ.டி. தன் ஆசிரியர் ஒருவரைக் குடிவைத்தது. அவர் மாதக்கணக்கில் அங்கேயே இருப்பார். ஆலை இன்ஜினீயரோடு பழகுவார். எந்தக் கேள்வி உருப்படியானது, எது ஒரு குழு சில வாரங்களில் முடிக்கக்கூடியது என்று தரம் பிரிப்பார். மாணவன் தப்பாக அளந்தால் அன்று சாயங்காலமே பிடித்துக்கொள்வார். ஈஸ்ட்மன் பணத்தின் பெறுமானம் எனக்கு அங்கேதான் தெரிகிறது. ஆலையும் இயந்திரமும் ஏற்கெனவே கம்பெனியிடம் இருந்தவை. வாத்தியாரைத்தான் புதிதாகக் காசு கொடுத்து அங்கே வைக்க வேண்டியிருந்தது.

முதல் உலகப்போரில் அமெரிக்கா 1917இல் இறங்கியதும் பிராக்டிஸ் ஸ்கூல் நின்றது. 1920இல் மறுபடி ஆரம்பித்தது. இன்றும் நடக்கிறது.

*

வாத்தியார் கூடப் போகாத பாதை எப்படியிருக்கும் என்பதையும் அதே எம்.ஐ.டி.யே சில வருஷங்களில் காட்டிவிட்டது.

1919இல் எம்.ஐ.டி.க்குப் பணமுடை. 'மிஸ்டர் ஸ்மித்' என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த ஒரு வள்ளல், நீங்கள் 40 லட்சம் டாலர் திரட்டினால் நானும் 40 லட்சம் தருகிறேன் என்றார். அந்தப் பணத்தைத் திரட்ட எம்.ஐ.டி. கொண்டுவந்ததுதான் 'டெக்னாலஜி பிளான்'. கம்பெனிகள் வருஷச் சந்தா மாதிரி ஒரு தொகை கட்டவேண்டும். பதிலுக்கு நூலகத்தைப் பயன்படுத்தலாம், ஆசிரியர்களிடம் ஆலோசனை கேட்கலாம், பழைய மாணவர்களின் விவரப் பட்டியலைப் பார்த்து ஆள் எடுக்கலாம். கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு சேர்ந்தன. ஒப்பந்தத் தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 1920 ஜனவரி 10 அன்று நடந்த விருந்தில் மிஸ்டர் ஸ்மித் யார் என்று அறிவித்தார்கள். அது ஜார்ஜ் ஈஸ்ட்மன். அந்த ரகசியத்தைக் கட்டிக்காத்து பணம் திரட்டிய தலைவர் ரிச்சர்ட் மெக்லாரின் நிமோனியாவில் படுத்திருந்தார். விருந்துக்கு வர முடியவில்லை. ஐந்து நாளில் இறந்துபோனார்.

பணம் வந்தது. ஆனால் பேராசிரியர்களின் நேரம் ஒப்பந்த வேலைக்குப் போனது. இந்தத் திட்டத்தில் மாணவன் எங்கே இருக்கிறான் என்று பார்த்தால், பட்டியலில் ஒரு பெயராக மட்டும் இருக்கிறான். அடிப்படை அறிவியலுக்காக வாதாடிய ஆர்தர் நோய்ஸ் எம்.ஐ.டி.யை விட்டு கலிபோர்னியாவுக்கே போய்விட்டார். கால்டெக் உருவாக அவர் ஒரு காரணம். தொழிலுக்காக வாதாடிய வாக்கரும் 1921இல் விலகினார். 1930இல் இயற்பியலாளர் கார்ல் காம்ப்டனைத் தலைவராகக் கொண்டுவந்து, மறுபடி அறிவியல் பக்கம் வண்டியைத் திருப்பினார்கள். திருப்பச் சொன்னவர்களில் ஜெனரல் எலக்ட்ரிக் தலைவர் ஜெரார்ட் ஸ்வோப்பும், பெல் லேப்ஸ் தலைவர் ஃப்ராங்க் ஜூவெட்டும் உண்டு. இருவருமே கம்பெனிக்காரர்கள். பல்கலைக்கழகம் தங்களைப் போலவே ஆகிவிட்டால் தங்களுக்கே நஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1963இல் கலிபோர்னியாவின் கிளேர்மான்ட் ஊரில் ஹார்வி மட் என்ற சின்னக் கல்லூரியில் ஜாக் ஆல்ஃபோர்ட், மேக் கில்கிசன் என்ற இரண்டு ஆசிரியர்கள் இதற்கு இன்னொரு வடிவம் கொடுத்தார்கள். கம்பெனி கட்டணம் கட்டி ஒரு பிரச்சினையைக் கொடுக்கும். நாலைந்து மாணவர்கள் கொண்ட குழு ஒரு கல்வியாண்டு முழுவதும் அதில் வேலை செய்யும். கம்பெனி தரப்பில் ஒரு தொடர்பாளர், கல்லூரி தரப்பில் ஓர் ஆசிரியர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கிளினிக்'. மருத்துவப் படிப்பிலிருந்து எடுத்த பெயர். யோசித்துப் பார்த்தால் ரொம்பப் பொருத்தம். எந்த மருத்துவக் கல்லூரியாவது மாணவனிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து, ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளியைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதி வா என்று அனுப்புமா? வார்டுக்குப் போகும்போது பேராசிரியர் முன்னால் நடப்பார். பையன்கள் பின்னால் போவார்கள். கட்டில் பக்கத்தில் நின்றுதான் கேள்வி, பதில் எல்லாம். மருத்துவத்தில் யாரும் இதை ஒரு புதுமையாக நினைப்பதே இல்லை.

*

இந்தியாவுக்கு இது வராமல் இல்லை. ராஜஸ்தானில் பிலானியின் பிட்ஸ் 1964இல் உருவானபோது ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியோடு எம்.ஐ.டி.யுடன் தொடர்பு ஏற்பட்டது. சி.ஆர். மித்ரா இயக்குநராக இருந்த காலத்தில், 1973இல், பிராக்டிஸ் ஸ்கூல் அங்கே தொடங்கியது. இரண்டாம் ஆண்டு முடிந்து கோடையில் இரண்டு மாதம், பிறகு கடைசியில் ஒரு முழு செமஸ்டர். பாலைவன ஓரத்தில் இருந்த கல்லூரி தன் மாணவர்களைத் தேசம் முழுவதும் அனுப்பியது. முக்கியமாக, மாணவர்களோடு ஆசிரியரையும் அனுப்பியது. அதே 1973இல்தான் 1961ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டத்தைத் திருத்திப் பட்டதாரி இன்ஜினீயர்களையும் அதற்குள் சேர்த்தார்கள்.

எங்கள் கோயம்புத்தூருக்கு இன்னும் பழைய கதை உண்டு. பி.எஸ்.ஜி. குடும்பத்தார் 1926இல் அறக்கட்டளையோடு ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தையும் ஆரம்பித்தார்கள். அங்கே பம்பும் மோட்டாரும் செய்தார்கள், கற்றுக்கொள்ளவும் செய்தார்கள். 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தபோது, ஃபேக்டரி ஏற்கெனவே வளாகத்துக்குள் இருந்தது. சாண்ட்விச் படிப்பும் பின்னால் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உலை என்று ஷ்னைடர் ஏங்கினார் அல்லவா, இங்கே நடுவில் சுவரே இல்லை.

ஆக முன்மாதிரி தெரியாமல் போகவில்லை. தெரிந்ததைப் பெருக்கும்போதுதான் ஒன்று கழன்று விழுந்தது. 2010களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 500க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். எல்லாவற்றிலும் இறுதியாண்டு ப்ராஜெக்ட் கட்டாயம். எல்லாவற்றிலும் கம்பெனிக்குக் கடிதம் போகும். மாணவன் போவான். வாத்தியார் போகமாட்டார். அவர் போவதற்கு டைம்டேபிளில் ஒரு பீரியட் கிடையாது, பஸ் டிக்கெட்டுக்கு ஒரு வவுச்சர் கிடையாது. ஒரே செமஸ்டரில் என் பெயரில் ஆறு டீம் இருந்ததுண்டு. ஆறு டீமும் ஆறு திசையில். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு. 'கைடு' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கம்பெனி எந்த ரோட்டில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அந்த இடைவெளியில்தான் ப்ராஜெக்ட் சென்டர்கள் முளைத்தன. தலைப்பு, புரோகிராம், ரிப்போர்ட், வைவாவுக்கு என்ன பேச வேண்டும் என்ற டியூஷன் எல்லாம் ஒரே விலையில். பையன்களைத் திட்டுவது சுலபம். ஸ்டோர்ஸ் ரூமில் பத்து நாள் உட்கார்ந்தவன் நான், எனக்கு அந்த யோக்கியதை கிடையாது.

கம்பெனிக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு பவுண்டரி முதலாளி என்னிடம் சொன்னார்: "சார், நாலு பசங்க உள்ள வந்தா நாலு ஹெல்மெட் குடுக்கணும். சூடான லோகம் ஊத்தற எடம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். என் ஃபோர்மேனுக்குப் பசங்கள மேய்க்க நேரம் இல்ல. அதான் ஓரமா உக்கார வெச்சு சர்டிஃபிகேட் குடுத்து அனுப்பிடறது." நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, "நானும் கூட வந்தா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்களா? நீங்க எதுக்கு சார்?"

*

எதுக்கு என்பதற்குப் பதில் அந்த வருஷம் நடந்தது. ஹெச்.ஓ.டி.யிடம் கெஞ்சி திங்கட்கிழமைக் காலை வகுப்புகளை வேறு நாட்களுக்கு மாற்றிக்கொண்டேன். ஆறு டீமில் ஐந்தை வழக்கம்போல விட்டுவிட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு டீமோடு மட்டும் போனேன். மூன்று பையன்கள், ஒரு பெண். தலைப்பை நான்தான் கொடுத்தேன்: திங்கட்கிழமை வார்ப்பில் ஏன் ப்ளோஹோல் அதிகம்?

முதலாளி சிரித்தார். "அது எல்லா பவுண்டரியிலயும் அப்படித்தான் சார்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு விடை தயாராக இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக யோசித்து வைத்த விடை. வார்ப்பு மண் என்பது மணல், பெண்டோனைட் களிமண், கொஞ்சம் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை பூராவும் சும்மா கிடந்து மேல்மண் காய்ந்துவிடும். திங்கள் காலை மிக்ஸர் ஓட்டுபவர் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் கூட ஊற்றுவார். கூடுதல் ஈரம் ஆவியாகி வார்ப்புக்குள் ஓட்டை போடும். முடிந்தது ப்ராஜெக்ட்.

ஐந்து திங்கட்கிழமைகள் காலை ஆறரை மணிக்குப் போனோம். ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து புதன்கிழமைகள் பையன்கள் மட்டும் போனார்கள். அரை மணிக்கு ஒருமுறை மண் எடுத்து ஈரம் அளந்தோம். முதல் இரண்டு மணி நேரம் ஈரம் கூடத்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பெண் மட்டும் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "சார், மூணாவது திங்கக்கிழமை மண்ணு ஈரம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னைக்கும் ரிஜெக்‌ஷன் அதிகம்" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் போய்க் கேட்டோம். அவர் லேடிலைக் காட்டினார். உருகிய இரும்பை எடுத்து ஊற்றும் வாளி அது. உள்பூச்சில் ஈரம் இருக்கக்கூடாது, நன்றாகச் சூடேற்றிவிட்டுத்தான் இரும்பைப் பிடிக்க வேண்டும். மற்ற நாட்களில் லேடில் முந்தின நாள் சூட்டிலேயே இருக்கும். திங்கட்கிழமை பச்சையாகக் கிடக்கும். அதே அரை மணி நேரம்தான் பர்னர் காட்டுவார்கள். "பத்தாதுன்னு எங்களுக்குத் தெரியும் தம்பி. ஆரும் கேக்கல" என்றார்.

அதற்கடுத்த இரண்டு திங்கட்கிழமைகள் லேடிலை இரண்டு மடங்கு நேரம் சூடேற்றிப் பார்த்தார்கள். ரிஜெக்‌ஷன் குறைந்தது. முழுதாகப் போகவில்லை; மண்ணுக்கும் அதில் பங்கு இருந்தது. இரண்டே திங்கட்கிழமையை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்று அந்தப் பெண்ணே ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். நாற்பது பக்க ரிப்போர்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

அடுத்த வருஷம் டைம்டேபிள் மாறிவிட்டது. திங்கட்கிழமை காலையில் எனக்கு முதலாண்டு வகுப்பு விழுந்தது. ஷ்னைடருக்கு ஒரு வருஷமாவது தீர்மானம் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு அதுவும் இல்லை. மறுபடி ஹெச்.ஓ.டி. அறை வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன்.

1998இல் கேட்ட அந்த ஃபோர்மேனைத் தேடிப் போனேன். அந்த பவுண்டரியே இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது.